எந்தக் கடையில் தொங்கிய பலகை?

இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கிப் படியவைத்ததுதான் எனாமல் போர்டு. வீடுகளில் பீங்கான் தட்டு என்றும் செட்டிநாட்டுப் பக்கம் மங்குச் சாமான் என்றும் வழங்கும் பாத்திரங்களும் இதே வேலைப்பாடுதான். வெயிலுக்கும் மழைக்கும் அதன் நிறம் மங்காது. மளிகைக் கடை, சைக்கிள் கடை, பெட்ரோல் பங்க், ரயில் நிலையம் என்று வெட்டவெளியில் ஐம்பது ஆண்டு தொங்கிய பலகையைக் கூட ஈரத்துணியால் துடைத்தால் நீலமும் மஞ்சளும் புதிதுபோலத் தெரியும். இந்தப் பலகைகளையும், படம் அச்சிட்ட தகர டப்பாக்களையும், கம்பெனிகள் கடைக்காரர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த விளம்பரத் தட்டுகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பெயர்பெற்ற சந்தை காரைக்குடி. ஆனால் காரைக்குடிக் கடையில் அடுக்கியிருக்கும் சரக்கு அந்த ஊரில் மட்டும் புழங்கியதல்ல. பல மாவட்டங்களின் கடைத்தெருக்களிலிருந்து கழற்றப்பட்டு வந்து சேர்ந்த சரக்கு அது. பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்கள் இந்தக் கதைக்குள் வருவது அந்த வழியில்தான்.

எனாமல் பலகையைத் தொழிற்சாலை அளவில் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நிலைபெற்றது. இந்த வேலைக்கென்றே பர்மிங்காமை அடுத்த செல்லி ஓக்கில் 1889-இல் பேடண்ட் எனாமல் கம்பெனி தொடங்கப்பட்டது. முதலில் தகட்டை அமிலத்தில் நனைத்துத் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குவார்கள். மணல், வெங்காரம் முதலியவற்றை உருக்கி, ஆறவைத்து, பொடித்து, நீரில் குழம்பாகக் கரைத்து அதன்மேல் பூசுவார்கள். கோபால்ட் சேர்ந்த இந்த முதல் பூச்சு கருநீலமாக இருக்கும். இரும்பைப் பற்றிக்கொள்வது அதுதான். சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசில் சுட்டு எடுத்த பிறகு அடுத்த நிறம். எழுத்துக்கும் படத்துக்கும் வெட்டுத்தாள் வைத்து, வேண்டாத இடத்துப் பொடியைத் துலக்கிவிட்டு மறுபடி சூளைக்கு அனுப்புவார்கள். நிறத்துக்கு ஒரு சூடு என்பது கணக்கு. ஆறு நிறப் பலகை என்றால் அத்தனை தடவை தீக்குள் போய் வந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு மேடாகத் தட்டுப்படுவது இதனால்தான்.

முதலில் கப்பலில் வந்த பலகைகள் பிறகு கல்கத்தாவிலேயே செய்யப்பட்டன. பெங்கால் எனாமல், சுர் எனாமல் ஆகியவை அங்கிருந்த பெயர்பெற்ற பட்டறைகள். பலகையின் அடி ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் செய்தவர் பெயர் இருக்கும். சேகரிப்பாளர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

தகர டப்பாவின் வரலாறு வேறு. வெள்ளீயம் பூசிய மெல்லிய தகட்டில் நேராக அச்சடிப்பது வெகுநாள் முடியாமல் இருந்தது. அச்சுக்கல்லும் தகடும் இரண்டும் கடினம், மை சரியாகப் படியாது. 1875-இல் லண்டனில் ராபர்ட் பார்க்ளே நடுவில் ஓர் உருளையை வைத்து, கல்லிலிருந்து உருளைக்கும் உருளையிலிருந்து தகட்டுக்கும் மையை மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு காகிதத்துக்கும் வந்த ஆஃப்செட் அச்சு முதலில் பிறந்தது தகரத்துக்காக என்பது அச்சகத்தார் பலருக்கே புதிய செய்தியாக இருக்கும். அதற்குப் பின் பிஸ்கட், மிட்டாய், சிகரெட், முகப்பவுடர் எல்லாம் படம் போட்ட டப்பாவில் அடைபட்டன. இந்தியாவில் தகரத் தகடு செய்யவென்று டின்பிளேட் கம்பெனியை 1920-இல் பர்மா ஆயில் கம்பெனியும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கின. ஆலை ஜாம்ஷெட்பூரில். எண்ணெய்க் கம்பெனிக்குத் தகரத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மண்ணெண்ணெய் அப்போது சதுர டின்னில் அடைத்துத்தான் கிராமங்களுக்குப் போயிற்று. நாலு கேலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் டின். எண்ணெய் தீர்ந்ததும் அது தண்ணீர் மொள்ள, நெல் அளக்க, துளசிச் செடி வைக்கப் பயன்பட்டது. விரித்துத் தட்டினால் கூரைக்கும் ஆயிற்று. அதனால்தான் இந்தியாவில் மண்ணெண்ணெய் டின் முழுசாகக் கிடைப்பது அரிது. மறுபயன் இல்லாத சின்ன டப்பாக்களே பரணில் தங்கின.

தட்டு பற்றி நீட்டிச் சொல்ல இங்கே அதிகமில்லை. அமெரிக்காவில் கோக்கோ-கோலா கம்பெனி 1890-களின் கடைசியிலிருந்தே படத் தட்டுகளைக் கடைகளுக்குக் கொடுத்துவந்தது, அங்கே அது தனிச் சேகரிப்புத் துறையாகவே வளர்ந்துவிட்டது. நம் ஊர் டீக்கடையில் டம்ளர்களை ஏந்திப் போனது பெரும்பாலும் கம்பி வளையத் தாங்கிதான். விளம்பரத் தட்டு சோடாக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி ஏஜெண்டுகள் வழியே எப்போதாவது வந்தது. கோக்கோ-கோலா இந்தியாவுக்கு 1950-இல் வந்து 1977-இல் வெளியேறியது. அந்த இடைக்காலத்துத் தட்டுகளுக்கு இன்று கிராக்கி உண்டு. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர்க் குளிர்பானக்காரர்களின் தகரப் பலகைகளுக்கும் அப்படியே.

இனி இந்தச் சரக்கு பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வந்த வழி. இரண்டு ஊர்களும் அடுத்தடுத்து இருந்தாலும் சரக்கு வந்த பாதை வேறு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகப் போகிறது. ஊருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கோ விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் 1920-களில் போடப்பட்டபோது ரயில் வந்தது. ஆகவே ஒரு பக்கம் லாரிச் சாலைப் பொருள்கள், மறுபக்கம் ரயில்வே பார்சல் பொருள்கள். பெட்ரோல், மோட்டார் எண்ணெய், டயர், பேட்டரிப் பலகைகள் சாலைக்கு உரியவை. பர்மா-ஷெல் 1928-இல் உருவான கம்பெனி. எஸ்ஸோ, கால்டெக்ஸ் போட்டியாளர்கள். 1974-இல் எஸ்ஸோவும் 1976-இல் மற்ற இரண்டும் அரசுடைமையாகி, பிறகு பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்று மாறியபோது பெட்ரோல் பங்க்குகளின் பழைய பலகைகள் ஒரே மூச்சில் கழற்றப்பட்டன. ஒரு பொருள் மொத்தமாக ஒழிவதும் பிறகு அரிதாவதும் இப்படித்தான்.

ரயில் நிலையத்தில் வேறு வகை. தேயிலை விற்கவென்று 1903-லேயே தேயிலை வரி போட்டு, அந்தப் பணத்தில் இந்தியர்களுக்கு டீக்குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வெந்நீர் எவ்வளவு, தூள் எவ்வளவு, எத்தனை நிமிடம் மூடி வைப்பது என்று படம் போட்டு விளக்கிய எனாமல் பலகைகள் 1930-களில் ரயில் நிலையங்களில் அந்தந்த வட்டார மொழிகளில் வைக்கப்பட்டன. காப்பி வேரூன்றிய தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சாரத்துக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. இன்று அந்தப் பலகைகளில் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர் விலை பேசமாட்டார், கேட்டதைக் கொடுத்துவிடுவார். மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோது பழைய நிலையக் கட்டடங்களோடு பலகைகளும் ஏலத்துக்குப் போயின.

வானம் பார்த்த பூமி என்பதால் பெரம்பலூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனமே விவசாயத்துக்கு ஆதாரம். பருத்தி, சின்ன வெங்காயம், மக்காச்சோளம் விளையும் இந்த ஊர்களில் ஆயில் என்ஜின், பம்புசெட், பூச்சிமருந்து, உரம் ஆகியவற்றின் தகரப் பலகைகளே பிற்காலத்தில் மிகுதி. ஊர்ப்புற மளிகைக் கடைக்கு சோப்பு, டீத்தூள், டார்ச் லைட் பேட்டரி. சன்லைட் சோப்பு 1888-இல் கல்கத்தாவில் இறங்கியது, லைஃப்பாய் 1895-இல். வனஸ்பதியான டால்டா 1937-இல் அறிமுகமானது; பச்சைப் பனைமரம் போட்ட அந்த மஞ்சள் டப்பா தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எண்ணெயைவிட மிளகாய்த்தூளையும் புளியையும் அதிகநாள் சுமந்திருக்கும். 1893-இல் பம்பாயில் தொடங்கி 1914-இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனம், பட்டணம் பொடி டப்பாக்கள், ஐம்பது சிகரெட் பிடிக்கும் வட்ட டின் ஆகியவை பெட்டிக்கடைச் சரக்கு. லெப்பைக்குடிக்காடு போல வெளிநாட்டுப் பிழைப்பு உள்ள ஊர்களின் பரண்களில் வளைகுடாவிலிருந்து வந்த பால்பவுடர் டின்களும் பிஸ்கட் டின்களும் சேர்ந்தன. அவற்றில் அரபு எழுத்து இருக்கும். நம் வட்டாரச் சேகரிப்பில் அதை அயல் சரக்கு என்று ஒதுக்குவது சரியல்ல. அந்த ஊரின் வரவு செலவில் அதுவும் ஒரு பக்கம்.

இந்த மாவட்டங்கள் தாமே உற்பத்தி செய்து ஊருக்கெல்லாம் விற்ற பொருள் சிமெண்ட். பக்கத்தில் டால்மியாபுரத்தில் 1939-இல் ஆலை வந்தது. அரியலூரில் அரசு ஆலை 1979-இல். பின்னர் தனியார் ஆலைகள் பல. ஆனால் சிமெண்டுக்காரர்கள் எனாமலை அதிகம் நாடவில்லை, சுவரை நாடினார்கள். சுவர் விளம்பரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அடுத்த தேர்தலுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். ஓர் ஊர்ப் பெயர்ப்பலகைக்காகவே பெரிய போராட்டம் நடந்ததும் இதே வட்டாரம்தான்: டால்மியாபுரம் என்ற ரயில் நிலையப் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953 ஜூலையில் திமுக நடத்திய மறியல்.

சேகரிப்பு என்ற பழக்கம் மேல்நாட்டில் வலுத்தது 1960-களில். பிரிட்டனில் ராபர்ட் ஓபி 1963-இல் பதினாறு வயதில் ஒரு மிட்டாய் உறையைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டதில் தொடங்கி, 1984-இல் க்ளாஸ்டரில் பொட்டல உறைகளுக்கென்றே காட்சியகம் திறந்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புத்தகங்களோடு துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவ வழிசெய்தது. காகிதத்துக்கு நேர்ந்த இந்த நல்வாய்ப்பு தகரத்துக்கு நேரவில்லை. காகிதத்தை நூலகம் ஏற்கும். தகரத்தை எடைக்குப் போடத்தான் எல்லோருக்கும் கை வரும்.

எடைக்குப் போகும் இடம் காயலான் கடை. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை எந்த ஊரானாலும் பழைய போர்டு முதலில் சேருவது அங்கேதான். அதற்கு முன் அது வேறு வேலைகள் பார்த்திருக்கும்: ஆட்டுக்கொட்டகைக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, அடுப்படியில் புகை மறைக்கும் தட்டி. எனாமல் துருப்பிடிக்காது என்பதுதான் அதைக் காத்ததும், அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் செய்ததும். வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றி இவற்றைப் பொறுக்கிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும், சென்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும், அங்கிருந்து கொச்சி யூதத் தெருவுக்கும் மும்பைச் சோர் பஜாருக்கும் அனுப்புகிறார்கள். சென்னையில் முன்பு இதற்கு மூர் மார்க்கெட் இருந்தது. அது 1985-இல் எரிந்துபோயிற்று. கிலோக் கணக்கில் வாங்கிய தகடு கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை ஏறும். அதே சமயம், எந்த ஊர், எந்தக் கடை என்ற செய்தி முதல் கைமாற்றத்திலேயே உதிர்ந்துபோகும்.

வயதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் சுவை முழுவதும் இருக்கிறது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், எழுதியிருப்பதைப் பொறுமையாக வாசித்தால் போதும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசாவில் இருந்தால் அதிலிருந்து 1964 வரை. பவுண்டு, அவுன்ஸ் என்று எடை போட்டிருந்தால் மெட்ரிக் முறை முழுதாக வந்த 1960-களின் தொடக்கத்துக்கு முன். மதராஸ் ஸ்டேட் என்றால் 1969 ஜனவரிக்கு முன், தமிழ்நாடு என்றால் பின். பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. 621212 என்று பெரம்பலூரும் 621704 என்று அரியலூரும் எழுதிய கடைப்பலகை அதற்குப் பிந்தியது என்று கண்ணை மூடிச் சொல்லலாம். சிகரெட் டின்னில் உடல்நல எச்சரிக்கை இல்லையென்றால் அது பெரும்பாலும் 1970-களின் நடுவில் சட்டம் வருவதற்கு முந்தையது.

உள்ளூர்ப் பலகைக்கு மாவட்டப் பெயரே நல்ல சாட்சி. திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்றால் பழசு. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995 நவம்பரில். அரியலூர் 2001-இல் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஆக, அரியலூர்க் கடையொன்றின் பலகையில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருந்தால் அதன் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பலகை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பிரிவும் இணைப்பும் நல்ல வேலை கொடுத்திருக்கும்.

தமிழ் எழுத்தே தரும் துப்பு இவை எல்லாவற்றையும் விடக் கெட்டி. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. லை, னை, ணை, ளை ஆகியவற்றில் எழுத்துக்கு முன்னால் துதிக்கைபோல் வளைந்த கொம்பு அதுவரை இருந்தது; ணா, றா, னா ஆகியவை கால் பிரியாமல் சுழித்து எழுதப்பட்டன. சென்னை, விலை என்ற இரண்டு சொற்கள் இல்லாத விளம்பரம் அபூர்வம், இரண்டிலும் இந்த எழுத்து உண்டு. துதிக்கை இருந்தால் பழையது. ஆனால் இதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளக் கூடாது. கையால் எழுதும் ஓவியர்கள் ஆணைக்குப் பிறகும் பழைய வடிவத்தை விடவில்லை, சிலர் இன்றும் விடவில்லை. அதோடு பெரியார் தம் பத்திரிகையில் 1930-களிலேயே புதிய வடிவத்தைக் கையாண்டார். சூளையில் சுட்ட கம்பெனிப் பலகைக்கு இந்தத் துப்பு கூடுதலாகப் பொருந்தும்.

போலிகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஓட்டல்களும் காப்பிக் கடைகளும் பழமைத் தோற்றத்துக்காக இந்தப் பலகைகளை மாட்டத் தொடங்கியதும் புதிதாகச் செய்து பழசாக்கி விற்கும் தொழில் வளர்ந்தது. உண்மைப் பலகையில் எனாமல் உதிர்ந்த இடத்தில் நடுவில் துரு, சுற்றிலும் கருநீல முதல்பூச்சு, அதற்கு வெளியே வெள்ளை என்று அடுக்கடுக்காகத் தெரியும். போலியில் நிறத்துக்கு அடியில் நேராகத் தகடு. ஆணித் துளைகளைப் பார்ப்பது இன்னொரு வழி: உண்மைப் பலகையில் துளையைச் சுற்றித்தான் உதிர்வு அதிகம், ஆணியை அடித்து இறுக்கியவர்கள் அப்படி. அமிலம் தெளித்து வரவழைத்த துரு பலகை முழுக்க ஒரேமாதிரிப் படர்ந்திருக்கும். டப்பாவுக்குக் கண்ணாடி வில்லை ஒன்று போதும். ஒழுங்கான வரிசையில் நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் இன்றைய அச்சு.

கிடைத்ததைத் துலக்குவதில்தான் அதிகம் கெடுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் எனாமல் பளபளப்பை இழக்கும். உப்புத்தாள் போட்டால் தீர்ந்தது. சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்தி, உதிர்ந்த இடத்தில் மட்டும் மெழுகு தடவினால் போதும். அச்சு டப்பாவுக்கு அந்தச் சோப்பு நீர்கூட ஆகாது. மேலிருப்பது மெல்லிய மை, உலர்ந்த துணியே சரி. எனாமல் வெயிலைத் தாங்கும், டப்பா தாங்காது. சன்னலோரத்து டப்பாவில் முதலில் வெளிறுவது சிவப்பு. விட்டுப்போன எழுத்தைப் பெயிண்ட் வைத்து நிரப்புவது நம் ஊரில் பரவலான ஆசை. நிரப்பிய பலகையைத் தேர்ந்த சேகரிப்பாளர் தொடமாட்டார். பழைய மையிலும் பற்றவைப்பிலும் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால் அந்த டப்பாவில் தின்பண்டம் வைப்பதும் கூடாது.

இவ்வளவு கவனமாகப் பலகையைக் காப்பவர்களும் பெரும்பாலும் செய்யாத ஒன்று உண்டு: அது எங்கே தொங்கியது என்று எழுதி வைப்பது. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்குள்ள சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன; எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாத படிவம் நிலவியலாருக்கு வெறும் அலங்காரக் கல். கடைத்தெருப் பலகையும் அப்படித்தான். ஒரு பேட்டரிக் கம்பெனி பல ஆயிரம் பலகை அடித்திருக்கும், அவை அனைத்தும் ஒன்றே. குன்னம் சாலையில் ஒரு சைக்கிள் கடையில், மின்சாரம் வருவதற்கு முன், அது தொங்கியது என்று தெரிந்தால்தான் அந்த ஊர் எப்போது எதை வாங்கத் தொடங்கியது என்று சொல்ல முடியும். கழற்றுவதற்கு முன் சுவரோடு சேர்த்து ஒரு படம், கடையின் பெயர், தெரு, எந்த ஆண்டுவாக்கில் மாட்டியது என்று கடைக்காரர் சொன்ன நினைவு, பின்பக்கத்தில் சுண்ணாம்போ குறிப்போ இருந்தால் அதன் படம். இவ்வளவும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கும் வேலை. பலகையைத் தர மனமில்லாத கடைக்காரரிடமிருந்துகூட இந்தச் செய்தியை வாங்கிவிடலாம்; சொல்லப்போனால் அவர் தராமலிருப்பதே நல்லது, பலகை தன் இடத்திலேயே இருக்கும்.

சட்டம் ஒன்றும் இதில் குறுக்கே வருகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள ஒரு பொருள் நூறு ஆண்டு கடந்தால் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். இதுவரை எனாமல் பலகை வியாபாரிகள் இந்த வரம்பைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, பெரும்பாலான சரக்கு அவ்வளவு பழசில்லை. 1920-களில் செய்த பலகைகள் இப்போது அந்த நூறைத் தொடுகின்றன. ஓரத்தில் செய்தவர் பெயரும் விலையில் அணாவும் உள்ள பலகையை வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகப் பெட்டியில் வைப்பவர்கள், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது விமான நிலையத்தில் சங்கடத்தைத் தவிர்க்கும்.